ஒண்டாச்சி: ஒரு பெயர் எப்படிக் குடும்பப் பெயரானது?

முதலாம் வருஷம் கம்பஸில் பதியப் போனபோது எங்கள் எல்லாருக்கும் ஒரே ஃபோம்தான் தந்தார்கள். அதில் முதலாவது கட்டம் 'குடும்பப் பெயர்'. இரண்டாவது கட்டம் 'ஏனைய பெயர்கள்'. வரிசையில் முன்னுக்கு நின்ற பெரேராக்களும் பெர்னாண்டோக்களும் மளமளவென்று நிரப்பிக் குடுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அப்பான்ர பேரைப் போடு" என்றாள் ஒருத்தி. "அது அப்பான்ர பேர். அது எப்பிடிக் குடும்பத்துக்குப் பேராகும்?" என்றான் இன்னொருத்தன். கடைசியில் சிலர் அப்பாவின் பெயரைப் போட்டோம், சிலர் எங்கட பெயரையே போட்டோம், ஒருத்தர் இரண்டு கட்டத்தையும் சேர்த்துக் கோடு கிழித்து ஒரே பெயராக எழுதினார். அதன் பலனை மூன்று வருஷமாகப் பரீட்சைப் பட்டியல்களில் அனுபவிக்கிறோம். ஒரே வீட்டில் இருந்து வந்த அக்காவும் தம்பியும்கூட வேறு வேறு எழுத்துக்குக் கீழே கிடக்கிறார்கள்.

இந்தக் கதை திரும்ப எங்களுக்குள் வந்தது மைக்கல் ஒண்டாச்சியின் நாவல் ஒன்றை வாசிக்கத் தொடங்கியபோது. அட்டையில் இருந்த பெயரைப் பார்த்து, கொழும்பில் பிறந்து வளர்ந்த தோழி ஒருத்தி சொன்னாள், "அவர் எங்கட செட்டி ஆக்கள்தான். அடியில தமிழ்." மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா விசர்க்கதை கதைக்காத, அவர் பறங்கி." கன்ரீனில் ஒரு மத்தியானம் முழுக்க இதே சண்டை. அடியில தமிழா, அடியில பறங்கியா? அந்தச் சண்டையைத் தீர்ப்பதற்காகத்தான் இந்தப் பெயரின் பின்னால் போனோம். போன பிறகு, நாங்கள் கேட்ட கேள்வியே பிழை என்று விளங்கியது.

கதையில் வரும் ஆண்டு

1982 இல் வெளிவந்த 'ரன்னிங் இன் த ஃபமிலி' என்ற தன் குடும்ப நூலில் ஒண்டாச்சி தன் முதல் மூதாதையைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறார். குடும்பத்துக்குள் வழங்கி வந்த கதை அது. 1600 இல் ஒரு வைத்தியர் இலங்கைக்கு வருகிறார். தேசாதிபதியின் மகளை ஏதோ மூலிகையால் சுகப்படுத்துகிறார். பரிசாக அவருக்குக் காணியும் அந்நிய நாட்டு மனைவியும் கிடைக்கின்றன. கூடவே அவருடைய சொந்தப் பெயர் ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் ஒரு புதுப் பெயராகத் திரும்பி வருகிறது. ஒல்லாந்த மனைவி இறந்த பிறகு ஒரு சிங்களப் பெண்ணை மணந்து, ஒன்பது பிள்ளைகள் பெற்று, இங்கேயே தங்கிவிடுகிறார்.

வாசிக்க வடிவான கதை. ஆனால் வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்ற முறையில் முதலில் ஆண்டைத்தான் பார்த்தோம். 1600 இல் கொழும்பு போர்த்துக்கேயரின் கையில் இருந்தது. யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற்தலைவன் மட்டக்களப்பில் வந்து இறங்கி, கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்ததே 1602 இல்தான். ஒல்லாந்தர் காலியைப் பிடித்தது 1640 இல். கொழும்புக் கோட்டை அவர்கள் கைக்கு வந்தது 1656 மே மாதத்தில். ஆக 1600 இல் நோய்ப்பட்ட மகளோடு கொழும்பில் இருந்திருக்க ஒரு ஒல்லாந்தத் தேசாதிபதியே இல்லை.

அந்தக் குடும்பத்தின் பரம்பரைப் பட்டியல் சொல்வது கொஞ்சம் வேறு கதை. அதன்படி முதலாமவரின் பெயர் மைக்கல் யூரி ஒண்டாச்சி. தஞ்சாவூர்ச் சீமையில் அறந்தாங்கியைச் சேர்ந்த வைத்தியர். வந்தது 1659 இல். அழைத்தவர் அட்ரியான் வான் டெர் மெய்டன் என்ற தேசாதிபதி. சுகமானது மகள் அல்ல, தேசாதிபதியின் மனைவி. வைத்தியர் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவராகி, கொழும்பில் கொம்பனியின் வைத்தியராக இருந்து, மக்தலேனா டி குரூஸ் என்ற பெண்ணைக் கலியாணம் செய்து, 1714 இல் இறந்தார். டி குரூஸ் என்பது ஒல்லாந்தப் பெயரல்ல, போர்த்துக்கேயப் பெயர்.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், குடும்பங்கள் எப்படி ஞாபகம் வைக்கின்றன என்பது தெரிகிறது. வைத்தியர், நோய், தேசாதிபதி வீடு, பெயர் என்ற எலும்பு அப்படியே நிற்கிறது. ஆண்டு பின்னுக்குப் போய்விட்டது. போர்த்துக்கேயப் பெயர் கொண்ட மனைவி ஒல்லாந்தப் பெண்ணாகிவிட்டாள். எங்கட வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? அம்மம்மா சொல்லுகிற கதையில் ஆண்டு பிழைக்கும், ஆள் பிழைக்காது.

1659 என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வந்தவர் அதன் பின் 55 வருஷம் வாழ்ந்திருக்கிறார் என்றால், கப்பலால் இறங்கியபோது அவருக்கு எங்களைவிடப் பெரிதாக வயது கூட இருந்திருக்காது. அதற்கு முந்திய வருஷம், 1658 இல், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்திருந்தது. கடலின் இரண்டு கரையும் ஒரே கொம்பனியின் கையில். தஞ்சாவூர்ச் சீமையில் இருந்து ஒரு தமிழ் வைத்தியர் கொழும்புக்கு வருவதற்கு அதைவிட வசதியான காலம் இல்லை.

ஆனால் அதே கடற்பாதையால் அதே வருஷங்களில் வேறு ஆக்களும் வந்தார்கள். தஞ்சாவூர் நாயக்கர் ஆட்சியின் கடைசிக் காலம் அது. படையெடுப்பும் பஞ்சமும் ஒன்றாக வந்த அந்த ஆண்டுகளில், பசியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்க வேண்டி வந்த ஆயிரக்கணக்கான சனங்களைக் கொம்பனி அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. பெருந்தொகையானவர்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களும் தமிழ் பேசியவர்கள், வைத்தியர் புறப்பட்ட அதே சீமையின் ஆக்கள். கொம்பனியின் கணக்குப் புத்தகங்களில் அவர்கள் பெரும்பாலும் இத்தனை தலை என்ற எண்ணிக்கை. ஒருவருடைய பெயர் 360 வருஷத்துக்கு மேல் நின்று, இலண்டனில் கட்டிடத்திலும் கனடாவில் புத்தக அட்டையிலும் இருக்கிறது. மற்ற ஆயிரக்கணக்கானோரின் பெயர் கப்பலை விட்டு இறங்கும்போதே போய்விட்டது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டாவது கூட்டமும் எங்கள் மனதில் நின்றுகொண்டே இருந்தது.

எழுதுவினைஞரின் கை

இனிப் பெயருக்கு வருவோம். ஒண்டாச்சி என்று தமிழில் நாங்கள் எழுதுகிற இந்தப் பெயரின் கடைசிப் பகுதியை ஒல்லாந்தர் 'டீ', 'ஜே', 'ஈ' என்ற மூன்று எழுத்தால் எழுதினார்கள். ஆங்கிலக் கண்ணால் பார்த்தால் இது வாயில் நுழையாத கூட்டு. ஒல்லாந்த மொழியில் அப்படியல்ல. 'டீ', 'ஜே' இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட எங்கட 'ச்ச' ஒலி. ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியாவிலும் 'ச' ஒலியை இப்படித்தான் எழுதினார்கள். யாவாத் தீவில் இருக்கும் சிரெபொன் நகரத்தின் பெயர்கூட 1972 எழுத்துச் சீர்திருத்தம் வரை இதே 'டீ', 'ஜே' கூட்டோடுதான் எழுதப்பட்டது.

ஆக ஒரு எழுதுவினைஞர் காதால் கேட்டதைத் தன் மொழி விதிப்படி ஒழுங்காக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. ஒல்லாந்த மொழியில் இந்த மூன்றெழுத்து விகுதி சின்னப் பொருட்களுக்கும் செல்லத்துக்கும் சேர்க்கிற விகுதி. அதனால் ஒரு தமிழ்ப் பெயர் காகிதத்தில் பார்க்கும்போது அசல் ஒல்லாந்தச் சொல் போலவே ஆகிவிட்டது. பின்னாளில் 'இது பறங்கிப் பெயர்' என்று எல்லாரும் நினைத்ததற்கு அந்தக் கடைசி மூன்று எழுத்தும் ஒரு காரணம். இன்னும் வேடிக்கை, இன்றைக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் அந்தப் பெயரை ஆங்கிலத்திலிருந்து எழுத்துக்கூட்டி ஒவ்வொரு விதமாக எழுதுகின்றன. தமிழிலிருந்து போன பெயர் தமிழுக்கே வெளிநாட்டுப் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் எழுத்துக்கூட்டல் மட்டும் ஒரு பெயரைக் குடும்பப் பெயராக்காது. அதற்குப் பதிவேடு வேண்டும். ஒல்லாந்தர் இலங்கையில் ஆண்டது துவக்கால் மட்டுமல்ல, தோம்பாலும்தான். காணிக்கு ஒரு தோம்பு, ஆக்களுக்கு ஒரு தோம்பு, பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து ஞானஸ்நானமும் கலியாணமும் பதிகிற தோம்பு இன்னொன்று. தோம்பு என்ற சொல் போர்த்துக்கேயருடையது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. கொம்பனியில் உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தத் திருச்சபையில் சேர வேண்டும். சேர்ந்தால் பதிவேட்டில் பெயர் ஏறும். அப்பாவின் பெயருக்குக் கீழே பிள்ளையின் பெயர், அதற்குக் கீழே பேரப்பிள்ளையின் பெயர் என்று ஏற ஏற, நடுவில் ஒரு சொல் மட்டும் மாறாமல் நிற்கத் தொடங்கும். அந்த மாறாத சொல்தான் குடும்பப் பெயர். அது இரத்தத்தில் வருவதாக நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் அது கந்தோரில் பிறக்கிறது.

உட்ரெக்ட் நகரத்து மாணவன்

அந்தச் சொல் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு எங்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம் பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி. 1758 இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா வில்லெம் யூரியான் ஒண்டாச்சி, நெதர்லாந்தில் இறையியல் படித்துத் திரும்பிய போதகர். அம்மா ஹெர்மினா குவின்ட், அம்ஸ்ரடாமைச் சேர்ந்தவர். மகனைச் சின்ன வயதிலேயே படிக்க நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். உட்ரெக்டில் படிக்கும்போதே அவர் அரசியலுக்குள் இறங்கிவிட்டார்.

அப்போது நெதர்லாந்தில் நகரசபைகள் சில பணக்காரக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்துப் போல இருந்தன. அதற்கு எதிராகக் கிளம்பிய இயக்கத்தாரைத் தேசபக்தர் என்று அழைத்தார்கள். உட்ரெக்டில் அவர்களின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் இந்தக் கொழும்புப் பெடியன். 1786 ஓகஸ்ட்டில் அங்கே பழைய நகரசபை தூக்கப்பட்டு, நகரத்தவர் தெரிவுசெய்த புதிய சபை வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று வருஷம் முன்பு. அவருக்கு வயது 28. அடுத்த வருஷமே பிரஷ்யப் படை வந்து எல்லாவற்றையும் நசுக்கியது. ஒண்டாச்சி பிரான்சுக்குத் தப்பியோடினார். 1795 இல் பத்தாவியக் குடியரசு அமைந்த பிறகுதான் திரும்ப முடிந்தது. கடைசியில் 1816 இல் யாவாவுக்குப் போய், 1818 இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார். பிறந்த கொழும்புக்கு அவர் திரும்பி வரவேயில்லை.

அவருடைய நீண்ட பெயரைத் திரும்ப ஒருக்கால் பாருங்கள். 'குவின்ட்' அம்மாவின் குடும்பப் பெயர். 'யூரியான்' அப்பாவிடமும் இருக்கிறது, முதலாவது வைத்தியரின் 'யூரி'யும் அதன் சாயல்தான். அப்பப்பாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிற எங்கட பழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வெளியில் ஒல்லாந்தச் சட்டை, உள்ளே பேரன் முறை.

ஏன் இவ்வளவு அரிது?

பெரேரா, சில்வா, பெர்னாண்டோ போன்ற பெயர்கள் இலங்கை முழுக்கக் கிடக்கின்றன. அவையும் கரையோரம் வந்த அந்நியர் காலத்துப் பெயர்கள்தான். ஆனால் அவை பரவிய விதம் வேறு. போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு ஞானத்தகப்பனின் பெயரோ அவர்களிடம் வழங்கிய பெயரோ கொடுக்கப்பட்டது. ஒரே நேரத்தில் ஒரு ஊர் முழுக்க ஒரே பெயர் எடுத்திருக்கலாம். ஆகவே இரண்டு பெர்னாண்டோக்கள் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒண்டாச்சி அப்படியல்ல. அது கொடுக்கப்பட்ட பெயர் அல்ல, திருத்தி எழுதப்பட்ட பெயர். தொடக்கம் ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் ஆண்வழியில் மட்டும்தான் அது போக முடியும். ஒரு தலைமுறையில் பெண்பிள்ளைகள் மட்டும் பிறந்தால் அந்தக் கிளையில் பெயர் முடிந்துவிடும். பிரபுக்களின் குடும்பப் பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன என்று 1873 இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு கணக்கைப் போட்டுக் கேட்டார். ஹென்றி வட்சன் அதைத் தீர்க்க முயன்றார். இன்றைக்கும் புள்ளிவிபரவியல் படிக்கிற ஆக்களுக்கு 'கால்டன்-வட்சன்' என்றால் தெரியும். அந்தக் கணக்குச் சொல்வது இதுதான்: ஒரு ஆளில் தொடங்குகிற பெயர் அழிந்துபோவதுதான் சாதாரணம். தப்பிப் பிழைப்பதுதான் அதிசயம்.

ஒண்டாச்சி தப்பிப் பிழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் சார்ள்ஸ் ஒண்டாச்சி என்று ஒரு வைத்தியர் செடிகொடிகளை ஆராய்கிறார். மூலிகையில் தொடங்கிய குடும்பத்துக்குப் பொருத்தமான தொழில். இருபதாம் நூற்றாண்டில் கேகாலையில் ஒரு பெரிய வீடு. அங்கிருந்து பெயர் மறுபடி கடல் தாண்டுகிறது. 1933 இல் கண்டியில் பிறந்த கிறிஸ்தோபர் ஒண்டாச்சி 1956 இல் கனடா போய் வியாபாரியாகவும் பதிப்பாளராகவும் பெரிய ஆளாகிறார். 2000 இல் இலண்டன் தேசிய உருவப்பட மண்டபத்தில் திறந்த ஒரு பகுதிக்கு அவர் கொடுத்த பணத்தால் ஒண்டாச்சி என்றே பெயர். அவருடைய தம்பி மைக்கல் 1943 இல் கொழும்பில் பிறந்து, 1954 இல் இங்கிலாந்துக்கும் 1962 இல் கனடாவுக்கும் போனவர். 1992 இல் 'த இங்லிஷ் பேஷன்ட்' நாவலுக்கு அவருக்குப் புக்கர் பரிசு கிடைத்தது. அறந்தாங்கி, கொழும்பு, உட்ரெக்ட், பத்தாவியா, கேகாலை, இலண்டன், ரொறன்ரோ. பெயர் அரிது என்றாலும் அதன் வரைபடம் சின்னதல்ல.

ஒரே வீட்டில் இரண்டு முறை

இதெல்லாம் கிறிஸ்தவக் குடும்பங்களில் மட்டும் நடந்தது என்று நினைத்தால் பிழை. மானிப்பாய்ப் பக்கத்திலிருந்து கொழும்பு போன ஒரு சைவக் குடும்பத்தை எடுங்கள். கேற் முதலியார் ஆ. குமாரசுவாமி. அவருடைய மகன் சேர் முத்துக் குமாரசுவாமி. முத்துவின் மகன் கலைவரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, 1877 இல் பிறந்தவர். அப்பப்பாவின் சொந்தப் பெயர் பேரனுக்குக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. முத்து இங்கிலாந்துப் பெண்ணை மணந்தவர், மகன் இங்கிலாந்தில் வளர்ந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

இனி அதே கேற் முதலியாரின் மகள் பக்கம் வாருங்கள். மகளை மணந்தவர் அ. பொன்னம்பலம். பிள்ளைகள் பொ. குமாரசுவாமி, பொ. இராமநாதன், பொ. அருணாசலம். அருணாசலத்தின் மகன் அ. மகாதேவா. இங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறுகிறது. அப்பாவின் பெயர் ஒரு எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது, அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடுகிறது. ஒரே குடும்பம், ஒரே காலம், இரண்டு முறை. எது மேல் என்று இல்லை. ஒன்று எந்தக் கந்தோரின் பதிவேட்டுக்குள் போனது, மற்றது எதற்குள் போனது என்பதுதான் வித்தியாசம்.

இன்றைக்கு இது எங்கட வீடுகளில் திரும்ப நடக்கிறது. எங்களில் ஒருத்தரின் மாமா எண்பதுகளின் கடைசியில் கனடா போனவர். குடிவரவு ஃபோமில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தன் அப்பாவின் பெயரைப் போட்டார். இப்போது அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் குடும்பப் பெயர். ஊரில் தோட்டம் செய்து, ஊர் எல்லையைப் பெரிதாகத் தாண்டாமல் செத்துப்போன அந்தக் கிழவனின் பெயரை ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்து ரீச்சர் நாக்குச் சுழற்றிக் கூப்பிடுகிறார். மாமிதான் பாவம். மாமனாரின் பெயரைச் சாகும்வரை வாயால் சொல்லாமல் இருந்த மனிசி. இப்போது வங்கியில் அந்தப் பெயரில்தான் கையெழுத்து வைக்கிறா.

மாமாவின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள், இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று. யாராவது ஒருவர் மூலிகைக் கதை மாதிரி ஒன்று சொல்லுவார். ஆண்டு பிழைத்திருக்கும்.

அடியில யார்?

இனிக் கன்ரீன் சண்டைக்கு வருவோம். ஒண்டாச்சி குடும்பம் கொழும்புச் செட்டிக் குடும்பங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சமூகத்தில் காசிச்செட்டி போல இனப்பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்ட பெயர்களும் உண்டு. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கையின் இடப்பெயர் விளக்கத் தொகுதியையும், 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் 'தமிழ் புளூட்டாக்'கையும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். அவரைப் பார்த்து யாரும் 'அடியில என்ன' என்று கேட்பதில்லை. பெயரே சொல்லிவிடுகிறது. ஒண்டாச்சியிடம் கேட்கிறோம். காரணம் எழுத்துக்கூட்டல்.

ஆனால் பெட்டிகளும் சும்மா இருக்கவில்லை. 1908 இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் அங்கத்தவராக வருவதற்குத் தந்தைவழியில் ஐரோப்பியர் இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. தாய்வழி எத்தனை ஒல்லாந்தர் இருந்தாலும் கணக்கில்லை. கொழும்புச் செட்டிகளைத் தொகைமதிப்புகள் நெடுங்காலம் தமிழரோடு சேர்த்து எண்ணின. 2001 தொகைமதிப்பில் இலங்கைச் செட்டி என்று தனி இனக்கட்டம் வந்தது. ஆக ஆளும் குடும்பமும் அப்படியே இருக்க, பெட்டி மாறிக்கொண்டே இருக்கிறது.

இது வெறும் ஃபோம் விஷயம் என்றால் நாங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். இந்த நாட்டில் பெயர் கேட்டு ஆளைப் பிரித்திருக்கிறார்கள். 1983 ஜூலையில் வீதியில் வாகனங்களை மறித்துப் பெயர் கேட்டார்கள். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடினார்கள். பெயரைச் சேர்த்து எழுதிய பதிவேடுகள் ஒரு நாள் கொலைப்பட்டியலாகவும் மாறலாம் என்று எங்கட அம்மா அப்பாவின் தலைமுறை கண்ணால் கண்டது. பிறகு வந்த வருஷங்களில் சோதனைச் சாவடியில் ஐசியை நீட்டும்போது, ஆமிக்காரன் முதலில் பார்த்தது முகத்தையல்ல, பெயரை. அதனால்தான் 'அடியில தமிழா' என்ற கேள்வி எங்களுக்குச் சும்மா பொழுதுபோக்காகத் தெரியவில்லை. பெருமைக்காகக் கேட்டாலும் அதே கேள்விதான், வெறுப்பில் கேட்டாலும் அதே கேள்விதான்.

ஒண்டாச்சி என்ற பெயர் சொல்வது ஒன்றே ஒன்று. 1659 அளவில் ஒரு தமிழ் வைத்தியர் ஒரு பதிவேட்டின் முன்னால் நின்றார். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்குள் வந்த போர்த்துக்கேயப் பெயர்காரி, அம்ஸ்ரடாம்காரி, சிங்களத்தி, பறங்கிப் பெண்கள் யாரைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி ஆக்களை வெளியே விட்டுவிட்டுத்தான் குடும்பப் பெயர் நடக்கிறது. அதை வைத்து ஒருவரை 'அடியில இன்னார்' என்று முடிவு கட்டுவது, ஒரு எழுதுவினைஞரின் கையெழுத்தை இரத்தப் பரிசோதனை அறிக்கையாக வாசிப்பது போன்றது.

இந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே இதை எங்களைவிட நன்றாக அறிந்திருக்கிறார் போலத் தெரிகிறது. 'த இங்லிஷ் பேஷன்ட்'டில் பெயரற்ற, முகம் எரிந்த ஒரு மனிதன் கட்டிலில் கிடக்கிறான். குடும்பப் பெயரும் தேசமும் அழிந்துபோகிற இடமாகப் பாலைவனத்தை நினைக்கிறான். 2000 இல் வந்த 'அனில்ஸ் கோஸ்ட்' எங்கட நாட்டில் நடக்கிற கதை. அதன் நாயகி தன் பெயரை அண்ணனிடமிருந்து விலைக்கு வாங்கியவள். அவள் செய்கிற வேலை, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் எலும்புக்கூட்டுக்குரிய பெயரைக் கண்டுபிடிப்பது. ஒரே ஒரு ஆளுக்காவது பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், மற்ற எல்லாருக்காகவும் பேசலாம் என்பது அந்த வேலைக்குப் பின்னால் இருக்கிற நம்பிக்கை. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரக் கொட்டிலில் வருஷக்கணக்காக இருக்கிற அம்மாக்களைத் தெரிந்த எங்களுக்கு, அந்த நாவலைக் கற்பனை என்று தள்ளி வைக்க முடியவில்லை. 1659 இன் கப்பல்களில் எண்ணிக்கையாக வந்த அந்த ஆயிரக்கணக்கானோரையும் அங்கேதான் திரும்ப நினைத்தோம்.

2016 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட ஒரு சின்னஞ்சிறு சிலந்தி இனத்துக்கு ஒண்டாச்சியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆண்வழி இல்லாமல், பதிவேட்டில் ஞானஸ்நானம் இல்லாமல், அந்தப் பெயர் இப்போது ஏதோ ஒரு சருகுக்குக் கீழே ஓடித் திரிகிறது. தோழிக்கு இதைச் சொன்னோம். "அப்ப அந்தச் சிலந்தியும் எங்கட செட்டி ஆக்கள்தான்" என்றாள்.

இந்த வருஷம் பட்டமளிப்புக்குப் பெயர் உறுதிப்படுத்தச் சொல்லி இன்னொரு ஃபோம் வரும். பழையபடி இரண்டு கட்டம் இருக்கும். நாங்கள் பழையபடி அப்பாக்களின் பெயரைப் போடுவோம். ஒருத்தி மட்டும் அம்மாவின் பெயரைப் போடப் போகிறாளாம். கந்தோரில் ஏற்றுக்கொள்வார்களா தெரியாது. ஏற்றுக்கொண்டால், 300 வருஷம் கழித்து யாராவது அந்தப் பெயரை வைத்து ஒரு கட்டுரை எழுதட்டும்.